ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு வந்திருக்கிறேன்: எந்தப் போட்டிக்கு எப்படிப் பயிற்சி?

பழைய ஓட்டக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாக அரை மாரத்தான், மாரத்தான் என்று ஓடிக்கொண்டிருந்தவன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் அழுத்தத்தால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) திரும்பத் திரும்ப வந்ததால் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். ரோட் பைக் (சாலைச் சைக்கிள்) வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"நீதான் ஓடிப் பழகியவனாச்சே, சைக்கிள் உனக்குச் சும்மா" என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. சின்ன மேடு வந்தாலே முன்தொடை எரிகிறது. ஆனால் மூச்சு வாங்குவதில்லை, பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே போகலாம் போலிருக்கிறது. ஓடும்போது சாதாரணமாக 165-ஐத் தொடும் இதயத்துடிப்பு இங்கே 145-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

அடுத்த சீசனில் ஏதாவது போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசை. கைக்கெட்டும் தூரத்தில் நான்கு இருக்கின்றன: 40 கி.மீ. டைம் ட்ரயல் (தனித்தனியாகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டி), ஒரு மலையேற்றப் போட்டி, 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடும்பயணம்), அப்புறம் ஒரு கிரிட்டீரியம் (சின்னச் சுற்றுப் பாதையில் கூட்டமாக ஓட்டும் பந்தயம்). மாரத்தானுக்குப் போடுகிற மாதிரி ஒரே அட்டவணை போட்டு நான்குக்கும் போகலாமா, இல்லை ஒன்றைத்தான் பிடிக்க வேண்டுமா?

மலைமிதி

வாங்க, வாங்க. முதலில் அந்த எரிச்சலைப் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் குதிநாண் இழுபட்டு, சேர்த்து வைத்த விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. வேலையில் கணிசமான பங்கு அங்கேயே இலவசமாக நடந்துவிடும். சைக்கிளில் அந்தத் திரும்பி வருகிற விசை கிடையாது. பெடல் கீழே போக வேண்டுமென்றால் முன்தொடையும் பிட்டத் தசையும் ஒவ்வொரு சுற்றிலும் தாங்களே சுருங்கித் தள்ள வேண்டும். உங்கள் இதயமும் நுரையீரலும் தயார். தொடைக்குள் இருக்கும் நுண் இரத்தக் குழாய்களும் இந்த வேலைக்குப் பழகிய தசையும்தான் தயாரில்லை. அது வளர மாதக்கணக்கில் ஆகும்.

இதயத்துடிப்பு குறைவாக இருப்பதும் இயல்புதான். உட்கார்ந்திருக்கிறீர்கள், உடல் எடையைச் சீட் தாங்குகிறது, வேலை செய்யும் தசையும் குறைவு. அதே அளவு முயற்சிக்குத் துடிப்பு 5 முதல் 10 வரை இறங்கி நிற்பது பலருக்கும் உண்டு. கால் பழகாதவருக்கு இன்னும் கூட இறங்கும். ஓட்டத்துக்குப் போட்டு வைத்த துடிப்பு மண்டலங்களை (எந்த அளவு முயற்சிக்கு எத்தனை துடிப்பு என்ற எல்லைகளை) அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு மாற்றம்: கியரை இறக்கி, நிமிடத்துக்கு 85–90 சுற்று மிதியுங்கள். ஓட்டக்காரர்கள் இதை அதிகம் என்பார்கள். ஆனால் நிமிடத்துக்கு 170–180 அடி வைத்து ஓடியவர்தானே நீங்கள்? ஒரு காலுக்குக் கணக்குப் போட்டால் அதே 85–90 தான். தாளம் உங்கள் காலில் ஏற்கெனவே இருக்கிறது.

போட்டி என்று கேட்டால் என் வாக்கு மலையேற்றத்துக்கு. ஓட்டக்காரர் உடம்பு ஒல்லி, நீண்ட நேரம் ஒரே சீராகச் சிரமப்படத் தெரியும். மேட்டில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை வாட் சக்தி என்பதுதான் கணக்கு. கனடாவின் மைக்கேல் வுட்ஸைப் பாருங்கள். 2005-இல் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியவர். பாத எலும்பில் வந்த ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரால்தான் சைக்கிளுக்கு வந்தார். 2018 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், 2023 டூர் டி பிரான்ஸில் புய் தெ தோம் உச்சியில் முடிந்த கட்டத்தில் வெற்றி. எல்லாம் மேட்டில் வந்தது.

காற்றுக்கணக்கு

மலைமிதி சொன்னதில் முதல் பாதிக்கு முழு ஆமோதிப்பு. கடைசிப் பத்திக்கு இல்லை. உலகத்தரத்துக்கு வந்த ஒருவரை வைத்து நமக்குப் போட்டி தேர்ந்தெடுத்தால் எப்படி?

ஓட்டக்காரருக்கு முதல் போட்டி டைம் ட்ரயல்தான். தனியாகப் புறப்படுகிறீர்கள், யார் சக்கரமும் உங்கள் சக்கரத்தை உரசப் போவதில்லை, முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொள்வதற்கே அனுமதி இல்லை. 10 கி.மீ. ஓட்டப் பந்தயத்தின் மனநிலை அப்படியே வேலை செய்யும். ஆனால் இரண்டு விஷயங்களை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

ஒன்று, காற்று. ஓட்டத்தில் வேகம் கூட்டினால் செலவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். சைக்கிளில் அப்படி இல்லை. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட, காற்றுக்கு மட்டும் 33 சதவீதம் கூடுதல் வாட் வேண்டும். சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் நீங்கள் எதிர்க்கும் தடையில் மிகப் பெரும் பங்கு காற்றுதான். அதனால் ஒரு மாதம் கஷ்டப்பட்டு ஏற்றும் 10 வாட்டை, முழங்கையை உள்ளே இழுத்துத் தலையைத் தாழ்த்துவதிலேயே எடுத்துவிடலாம். குனிந்தால் இடுப்பு மடங்கி, ஆரம்பத்தில் சக்தி குறையும். அதனால் கடினமான பயிற்சிகளையும் போட்டிக்கு உட்காரும் அதே நிலையிலேயே செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த எண்கள் போட்டி நாளில் வராது.

இரண்டு, வேகப் பங்கீடு. மாரத்தானில் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்று பழகியிருப்பீர்கள். இங்கே அந்தப் பழக்கம் நஷ்டம். ஒரு கணக்கு: போக 20 கி.மீ. எதிர்காற்று, திரும்ப 20 கி.மீ. பின்காற்று. போகும்போது 30, வரும்போது 45 கி.மீ. வேகம் என்று வையுங்கள். போக 40 நிமிடம், வர 26 நிமிடம் 40 விநாடி. போகும்போது வேகத்தை 1 கி.மீ. கூட்டினால் 77 விநாடி மிச்சம். வரும்போது அதே 1 கி.மீ. கூட்டினால் 35 விநாடிதான். எதிர்காற்றிலும் மேட்டிலும் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி, பின்காற்றிலும் இறக்கத்திலும் மூச்சு விட வேண்டும். எவ்வளவு அதிகம்? சராசரியைவிட 5 சதவீதம் வரை. அதற்கு மேல் போனால் திரும்பி வரும்போது தெரியும்.

பயிற்சிக்கு எஃப்டிபி எண் வேண்டும். நன்றாக வார்ம்-அப் செய்து, 20 நிமிடம் உங்களால் முடிந்த அளவுக்கு மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய சக்தி அது. வாரத்தில் ஒரு நாள் அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே நீண்ட இன்டர்வல் (நடுவில் ஓய்வு விட்டுக் கடினமாக மிதிப்பது): முதலில் 3×10 நிமிடம், அதாவது பத்து நிமிடம் மூன்று முறை, பிறகு 3×15, கடைசியில் 2×20. டெம்போ ஓட்டம் ஓடியவருக்கு இது பழைய நண்பன்தான்.

வளைவுக்காரன்

யாருமே கிரிட்டீரியம் பக்கம் வரவில்லை, நான்தான் வரவேண்டும் போல.

நண்பரே, நேராகச் சொல்கிறேன். ஓட்டக்காரர்கள் அடிவாங்குகிற இடம் இது. உடல் தகுதி குறைவாக இருப்பதால் அல்ல. ஒரு சீரான வேகம் என்று எதையும் இங்கே நம்ப முடியாது என்பதால். சின்னச் சுற்று, நான்கைந்து வளைவு, ஒரு மணி நேரம் அதையே சுற்ற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் சுருங்கி, வெளியே வரும்போது ரப்பர் மாதிரி நீளும். முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தாமலே வளைவைக் கடந்துவிடுவார். இருபதாவது ஆளாக இருப்பவர் பிரேக் பிடித்து, வேகம் இழந்து, வெளியே வந்ததும் எழுந்து நின்று எஃப்டிபியைப் போல இரண்டு மூன்று மடங்கு வாட்டில் ஏழெட்டு விநாடி அடித்தால்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கலாம். பிறகு கொஞ்சம் மிதிக்காமல் உருளுவார். அடுத்த வளைவு. போட்டி முடிந்து சராசரி வாட்டைப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்தச் சராசரி பொய் சொல்லும்.

இதற்கான பயிற்சி வேறு ரகம். 40 விநாடி அடித்து 20 விநாடி ஓய்வு, இதையே எட்டுப் பத்து முறை. வேறொரு நாள் 10–15 விநாடி முழு வேக ஸ்பிரிண்ட், நடுவில் தாராளமாக நான்கைந்து நிமிட ஓய்வு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் திறமை. பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடை அதன் மேல். கண் வளைவின் வெளிவாசலில். உள்பக்கப் பெடல் கீழே இருந்தால் அது தரையில் இடிக்கும், மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் கூட்டமாக ஓட்டப் பழகுங்கள். இன்னொருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு சக்தி வரை மிச்சமாகும். ஓட்டத்திலும் இது உண்டு, ஆனால் அங்கே சில்லறை, இங்கே அதுதான் மூலதனம். முதல் வருடம் கிரிட்டீரியத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். குழுப் பயணத்தில் முன்னால் இருப்பவர் சக்கரத்திலிருந்து அரை மீட்டரில் பதறாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகு பேசலாம்.

இரண்டும்வேண்டும்

டுவாத்லான் (ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த போட்டி) பக்கத்திலிருந்து வருகிறேன், ஓட்டத்தை விடாதவன். மலைமிதி அண்ணா எழுதியதில் ஒன்று உறுத்துகிறது.

கேள்வி கேட்டவருக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அவரிடம் போய் "கிலோவுக்கு எத்தனை வாட்" என்று ஆரம்பித்தால், வகுபடும் எண்ணான வாட்டை விட்டுவிட்டு வகுக்கும் எண்ணான எடையைத்தான் முதலில் குறைக்கப் பார்ப்பார். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். செலவழிக்கிற சக்திக்கு ஏற்பச் சாப்பிடாமல் ஓடியவர்களுக்கு எலும்பு பலவீனமாவது நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தக் கேள்வியை முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

அதோடு சைக்கிள் எலும்புக்கு எதுவும் செய்யாது. தரை அதிர்ச்சி இல்லாததால் மூட்டுக்கு நல்லது, அதே காரணத்தால் எலும்புக்கு வேலையே இல்லை. சாலைச் சைக்கிள் வீரர்களுக்கு, குறிப்பாகக் கீழ் முதுகெலும்பில், எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதனால் மருத்துவர் அனுமதித்தால் வாரத்தில் ஓரிரு நாள் மெதுவான சின்ன ஓட்டம், மண் தரையில். ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிஃப்ட். எடை ஏற்றித் தூக்குங்கள். தொடைக்கும் அதுவே மருந்து.

மலைமிதி

நியாயம். எடையைக் குறைக்கச் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர் அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பது சரிதான். திருத்தமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: வாட்டை ஏற்றுங்கள், தராசை விட்டுவிடுங்கள். புதிதாகச் சைக்கிளுக்கு வந்தவருக்கு அந்தப் பக்கம்தான் வேகமாக நகரும்.

ஆனால் ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் மூன்று மாதம் கால் புது வேலைக்குப் பழகும் காலம். ஓடிவிட்டு வந்த அடுத்த நாள் இன்டர்வல் செய்தால் இரண்டுமே அரைகுறை. எலும்புக்கு ஜிம் போதும்.

இரண்டும்வேண்டும்

ஜிம்மில் தூக்குவது நல்லதுதான், குதிப்பும் தரை மோதலும் தருவதை அது முழுசாகத் தராது. சரி, ஒரு நாள் என்று ராசியாகிவிடலாம்.

நெடுவழி

சண்டை முடிந்ததா? பிரெவேயைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

முதலில், பிரெவே பந்தயம் இல்லை. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. அதற்குள் எல்லாக் கட்டுப்பாட்டு நிலையங்களிலும் அட்டையில் பதிவு வாங்கி முடித்தால் நீங்களும் முதலில் வந்தவரும் ஒன்று. இதன் தாய் நிகழ்வான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891-இல் பந்தயமாகத்தான் தொடங்கியது. இன்று 1200 கி.மீ.யை 90 மணி நேரத்தில் முடிக்கும் சவாலாக நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக 2023-இல் நடந்தது.

200-க்குக் கணக்குப் போட்டால் நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மாரத்தான் ஓடியவருக்கு இருதயம் ஒரு பொருட்டே இல்லை. 22 கி.மீ. வேகத்தில் உருட்டினாலும் ஒன்பது மணி சொச்சம். மீதி நான்கு மணி நேரத்தை எங்கே தொலைக்கிறோம்? நின்ற இடத்தில். தண்ணீர் பிடிக்க, பஞ்சர் போட, கடையில் உட்கார்ந்தால் எழ மனமில்லாமல். வேகத்தைக் கூட்டுவதைவிட நிற்பதைக் குறைப்பது சுலபம்.

உங்களை நிறுத்தப்போவது சைக்கிளைத் தொடுகிற மூன்று இடங்கள்: கை, சீட், பாதம். 140 கி.மீ. தாண்டியதும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். கியர் மாற்ற விரலை அழுத்தினால் அழுத்தியது தெரியாது. உள்ளங்கையின் வெளி விளிம்பில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் மணிக்கணக்காக நசுங்குவதால் வருவது அது. கையை இடம் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், மணிக்கட்டை மடக்காதீர்கள், முழங்கையை லேசாகத் தளர்த்துங்கள். வயிற்றுத் தசையும் முதுகும் பலமாக இருந்தால் கையில் எடை இறங்காது. இதனால்தான் ஜிம் போகச் சொல்பவர்களோடு நானும் சேர்கிறேன்.

அப்புறம் சாப்பாடு. ஓடும்போது வயிறு குலுங்குவதால் ஜெல்லுக்கு மேல் எதுவும் இறங்காது. இங்கே வயிறு அமைதியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, பழகிய பிறகு 90 வரை. குளுகோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஃபிரக்டோஸும் கலந்தால்தான் அதற்கு மேல் ஏறும். பசி எடுப்பதற்கு முன்னால், முதல் அரை மணியிலிருந்தே ஆரம்பியுங்கள். மாரத்தானில் 30 கி.மீ.க்கு மேல், சக்தி தீர்ந்து கால் நகர மறுக்கும்போது வருகிற அந்தச் 'சுவர்' இங்கே வரத் தேவையே இல்லை, சாப்பிடத் தெரிந்தால்.

பயிற்சி ரொம்ப எளிது. வாரத்தில் ஒரு நீண்ட பயணம், மெதுவாகக் கூட்டி 130–150 கி.மீ. வரை. முழு 200-ஐப் பயிற்சியில் ஓட்ட வேண்டியதில்லை. போட்டி நாளில் எடுத்துப்போகும் பை, விளக்கு, சாப்பாடு எல்லாமே அந்தப் பயணத்திலேயே இருக்கட்டும்.

பழைய ஓட்டக்காரன்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் சாப்பாட்டு விஷயத்தையும் கேட்டேன், இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

20 நிமிடச் சோதனை செய்தேன். சராசரி 215 வாட், எனவே எஃப்டிபி 204. கடைசியில் கால்தான் கைவிட்டது. துடிப்பு 158-லேயே நின்றுவிட்டது. சோதனைக்குப் பின் முழங்காலுக்கு முன்பக்கம், சில்லுக்கு அடியில், மந்தமான வலி. இரண்டு நாளில் போய்விட்டது. இதைக் கவனிக்க வேண்டுமா?

காற்றுக்கணக்கு

வேண்டும். முன்பக்க வலிக்கு முதல் சந்தேகம் தாழ்வான சீட். பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயரம். ஓட்டக்காரர்கள் கால் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டைக் கீழேயே வைத்துக்கொள்வது வழக்கம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் 25–35 பாகை மடங்கி நிற்கும். மாற்றும்போது ஒரே தடவையில் பெரிதாக ஏற்றாதீர்கள், 3–5 மி.மீ. ஏற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

158-இல் நின்றது நல்ல செய்தி. உங்கள் இதயத்துக்கு இன்னும் கொடுக்க இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் கால் இல்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அதுவரை 204-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

வளைவுக்காரன்

பவர் மீட்டர் (மிதிக்கும் வாட்டை அளக்கும் கருவி) இல்லாமல் பயிற்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிரிட்டீரியத்தில் யாரும் வாட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை. மூச்சைக் கேட்டாலே பாதி தெரியும்.

காற்றுக்கணக்கு

டைம் ட்ரயலில் எல்லோரும் பார்ப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் கால் லேசாக இருக்கும், துடிப்பு மெதுவாகத்தான் ஏறும், இரண்டுமே உங்களை ஏமாற்றும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அந்தக் கருவி.

பழைய ஓட்டக்காரன்

அப்படியானால் முதல் கேள்விக்கே வருகிறேன். ஒரே அட்டவணை போதுமா?

நெடுவழி

அடித்தளம் ஒன்றுதான். முதல் மூன்று மாதம் வாரத்தில் மூன்று நான்கு நாள், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய நிதானத்தில், அதில் ஒன்று நீண்டது. ஓட்டத்தில் வாரம் ஆறு மணி நேரம் தாங்கிய உடம்பு இங்கே எட்டு பத்து மணியைத் தாங்கும், தரை மோதல் இல்லையே. பிரிவது கடைசி எட்டு வாரத்தில். டைம் ட்ரயல் என்றால் காற்றுக்கணக்கு சொன்ன 2×20. மலை என்றால் அந்த ஏற்றத்தின் நீளத்துக்கு ஏற்ற இன்டர்வல், சிலவற்றைக் கனமான கியரில் 60–70 சுற்றில், முழங்கால் வலி இல்லாவிட்டால் மட்டும். கிரிட்டீரியம் என்றால் வளைவுக்காரன் பாடு.

உங்களுக்கு நான் சொல்வது: முதலில் பிரெவே, அடுத்து டைம் ட்ரயல். பிரெவேக்குச் சேர்க்கும் மணிநேரம் டைம் ட்ரயலுக்கு வீணாகாது. திருப்பிப் போட்டால் அவ்வளவு ஒட்டாது. மலைமிதி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மலைமிதி

கோபம்தான். பிரெவே பாதையில் நல்ல மேடு ஒன்று இருந்தால் மன்னிக்கிறேன். 34 பல் முன்சங்கிலி வளையமும் பின்னால் 34 பல் வரை இருக்கும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போட்டுக்கொள்ளட்டும். எரிகிற தொடைக்கு அதைவிட நல்ல மருந்து கடையில் கிடையாது.

பழைய ஓட்டக்காரன்

சரி, பிரெவேக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கேட்கக் கூச்சமான ஒரு சந்தேகம்: பேடிங் வைத்த ஷார்ட்ஸ் வாங்கினேன். உள்ளே உள்ளாடை போடுவதா, வேண்டாமா?

நெடுவழி

வேண்டவே வேண்டாம், தம்பி. உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். பேடிங் நேராகத் தோலில் படும்படி தைத்தது. உரசும் இடத்தில் கிரீம் தடவுங்கள், பயணம் முடிந்ததும் ஷார்ட்ஸோடு உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் உடனே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் துவைத்துக் காய்ந்ததை மட்டும் போடுங்கள்.